எழுத்துக்கு ஆறு பென்ஸ்

ஒன்பது வருடம் டிக்னனைத் தேடினேன்.
ஹொக்கிடிகாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குக்
காலை ஒன்பதரைக்கும் மதியம் இரண்டரைக்கும் நடுவே
வேறென்ன வேலை.

லாங்ஃபோர்டில் டிக்னன் இல்லை.
கப்பல் பட்டியல்களில் இல்லை.
ட்ரம்லிஷ் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில்
ஈரம் தின்றது போக எஞ்சிய வரிகளிலும் இல்லை.
மழைக்கு முளைத்த காளான்களாக்கும் நாம்
என்று சிரித்தான் அண்ணன் ப்ரெண்டன்.
இந்த ஊர் மழைக்கு அதுவும் நடக்கும்.

பிறகு ஒரு ரசீது,
பெடீலியாவின் கணக்குப் புத்தகத்தில்
மாவுக்கும் மெழுகுவர்த்திக்கும் இடையில் மடித்துவைத்தது.
கல்தச்சன் எழுதியிருந்தான்:
எழுத்துக்கு ஆறு பென்ஸ்.

தங்கம் சலிக்கப் போன புருஷனை
அரஹூரா கொண்டுபோயிற்று.
உடல் கிடைக்கவில்லை. கல் மட்டும் நட்டாள்.
விடுதி நடத்தி, சுரங்கக்காரர்களின் சட்டை வெளுத்து
மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள்,
பெயரின் நடுவிலிருந்து
ஓர் எழுத்தை உருவிப் போட்டாள்.
டுவிக்னன் டிக்னன் ஆனது இப்படித்தான்.
நாங்கள் ஆறு பென்ஸ் குறைந்த குடும்பம்.

எழுத்தைத் திருப்பி வைத்ததும்
கொடிவழி கதவைத் திறந்துவிட்டது.
நியூஃபவுண்ட்லாந்தில் மீனுக்கு உப்பிட்ட ஹொனோரா,
பல்லராட்டில் குதிரைக்கு லாடம் அடித்த டார்பி,
லிவர்பூல் வரைக்கும் போய்
காசு தீர்ந்து அங்கேயே நின்றுவிட்ட ஒருத்தி.
பேரப்பிள்ளைகள் எல்லோரும் கேட்டது ஒன்றே:
மாலக்கி என்ன ஆனான்?
மூழ்கிப்போனான் என்று
எல்லோருக்கும் ஒரே வரியில் பதில் எழுதினேன்.

குழாயில் எச்சில் துப்பி அனுப்பிய ஆறாம் வாரம்
ரமீரோ வந்தான்.
மெர்செதஸிலிருந்து. காரில்லை, ஊர்;
ப்யூனஸ் அயர்ஸுக்கு மேற்கே இரண்டு மணி நேரம்.
தேனீ வளர்க்கிறானாம்.
அவன் ஸ்பானிஷை எந்திரம் பெயர்த்துக் கொடுத்தது,
தேன் கொஞ்சம் சிந்தியிருக்கும் வழியில்.
"எங்கள் மாலக்கி 1873இல் வந்திறங்கினார், தனிக்கட்டையாக.
ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தார். ஆடு வாங்கினார்.
ஆடு நின்ற நிலத்தையும் வாங்கினார்.
பதினோரு பிள்ளைகள்.
1909இல் சொந்தக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார்.
காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, பாருங்கள்."

பார்த்தேன்.
கண்ணாடி தேவைப்படவில்லை.

கணக்குப் புத்தகத்தை மறுபடி விரித்தேன்.
ஆறு கொண்டுபோன வருடம் 1871 என்கிறது கல்.
ரசீதின் தேதி 1877.
இடையில் மூன்று வரிகள், மூன்று ஈஸ்டருக்கு முன்னால்:
தபால், ப்யூனஸ் அயர்ஸ், ஒரு ஷில்லிங்.
தபால், ப்யூனஸ் அயர்ஸ், ஒரு ஷில்லிங்.
மூன்றாவது வரியில் ஊர் இல்லை. ஷில்லிங் மட்டும்.
வரவுப் பக்கத்தில்
அங்கிருந்து எதுவும் இல்லை.

பெடீலியா, உன் கையெழுத்து எங்கும் நடுங்கவில்லை.
கல்லின் தொகைக்குக் கீழே
இரட்டைக் கோடு இழுத்திருக்கிறாய்,
வருடக் கடைசியில் இழுப்பது போல.

ரமீரோ கேட்கிறான்,
உங்கள் பக்கம் அவர் பெயர் எங்காவது இருக்கிறதா?
பிப்ரவரியில் வருவானாம். தேன் கொண்டுவர
விமானத்தில் விடுவார்களா என்றும் கேட்கிறான்.
விடமாட்டார்கள் என்று
அதற்கு மட்டும் பதில் போட்டேன்.

சனிக்கிழமை பிரஷ்ஷும் வாளியுமாகப் போனேன்.
பாசியைத் தேய்த்ததும் பெயர் பளிச்சென்று வந்தது,
பொய்க்கு அத்தனை ஆழமாய் உளி இறங்கியிருந்தது.
கிரேமவுத் கல்தச்சனைக் கூட்டிப்போயிருந்தேன்.
விடுபட்ட எழுத்தைச் சேர்க்க என்ன ஆகும்?
பதினெட்டு டாலர், என்றான்.
குனிந்து விரலால் அளந்தான்.
அப்புறம் தலையாட்டினான்:
இடமே விடவில்லையே அம்மா,
நெருக்கி வெட்டச் சொல்லியிருக்கிறார்கள்.